வெளிநாட்டு வீரருக்கு வழி விடலாமா?

2025 ஆகஸ்டில் மத்திய விளையாட்டு அமைச்சகம் ஒரு கொள்கை அறிவிப்பு வெளியிட்டது. பாகிஸ்தானுடன் இருதரப்புப் போட்டி கிடையாது, பல நாடுகள் கலந்துகொள்ளும் போட்டிகளுக்குத் தடையில்லை என்ற பகுதிதான் செய்திகளில் பெரிதாக வந்தது. அதே அறிவிப்பில் விசா பற்றியும் சில வரிகள் இருந்தன. வீரர்கள், அணி அலுவலர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள் ஆகியோருக்கு விசா நடைமுறை எளிதாக்கப்படும். சர்வதேச விளையாட்டு அமைப்புகளின் நிர்வாகிகளுக்கோ பதவிக்காலம் முழுவதற்கும், அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கு, பலமுறை வந்துபோகும் விசா முன்னுரிமையோடு தரப்படும். நிர்வாகிக்கு ஆண்டுக் கணக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. களத்தில் இறங்கி ஆடுகிறவருக்குக் கிடைத்தது ஒரு பொதுவான வாக்குறுதி.

தென்காசியிலிருந்து பார்க்கிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பாவூர்சத்திரம், கடையம், சுரண்டைப் பக்கம் கோயில் கொடை முடிந்த கையோடு ஊர்ப் பொட்டலில் விளக்குக் கட்டி விடிய விடிய கபடி நடப்பதைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். மண்ணில் முழங்கை தேய ஆடும் அந்தப் பையன்களின் கனவு புரோ கபடி லீக் ஏலம். அந்த லீக்கில் ஒவ்வொரு அணியும் குறைந்தது 2 வெளிநாட்டு வீரர்களை வைத்திருக்க வேண்டும். ஈரானியருக்கும் கென்யருக்கும் கதவு எவ்வளவு திறக்கிறது என்பது இந்தப் பையன்களின் பிழைப்பையும் தொடுகிற விஷயம்.

இப்போதைய நிலவரத்தை முதலில் பார்க்க வேண்டும். ஐ.பி.எல். போன்ற வணிகப் போட்டிக்கு ஒப்பந்தத்தில் வருகிறவருக்கு பிசினஸ் விசா போதும். ஒரு கிளப்போடு குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு வருகிறவருக்கு எம்ப்ளாய்மென்ட் விசா. இந்த இரண்டாவது விசாவுக்குப் பொது விதியாக ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. தம் நாட்டு உணவைச் சமைக்கும் சமையல்காரர், ஆங்கிலம் அல்லாத மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு, பந்தாடுகிறவருக்கு இல்லை. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து இறங்கி 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் அதற்கு எஃப்.ஆர்.ஆர்.ஓ. அலுவலகம் இருக்கிறது, மற்ற மாவட்டங்களில் எஸ்.பி. அலுவலகம். தங்க இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு இது தெரிந்த வேலை. ஆட வந்தவரை யாரோ ஒருவர் வீட்டு மாடியில் தங்கவைக்கும் போட்டிக் கமிட்டிக்கும் இதே கடமை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் அநியாயமான விதி இல்லை. சேர்த்துப் பார்க்கும்போதுதான் சாய்வு தெரிகிறது. 2 மாதம் ஆடிவிட்டுக் கோடிகளோடு போகிறவருக்குப் பாதை நேராக இருக்கிறது. ஒரு சின்ன கிளப்புக்கு ஆண்டு முழுவதும் ஆடி மாதம் ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ வாங்கக்கூடியவர் சம்பள வரம்பிலேயே தடுக்கப்படுகிறார். முறையான வழி அடைபட்ட இடத்தில் ஏஜெண்டுகள் வேறு வழி காட்டத் தொடங்குகிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே கோளாறு இருந்தது. முன்னணி பேஸ்பால் வீரருக்குத் தனி விசா, கீழ்நிலை அணிகளில் ஆடுகிறவருக்கோ ஓட்டல் பணியாளர்களும் பருவகாலக் கூலிகளும் நிற்கிற எச்-2பி வரிசை. அந்த விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு 66,000. 2006 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி கீழ்நிலை அணி வீரர்களையும் அந்தத் தனி விசாவுக்குள் (P-1) கொண்டுவந்தார்கள். 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்த இந்திய இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் போய்ச் சேர்ந்தது இப்படிப்பட்ட கீழ்நிலை அணிகளில்தான். திருத்தத்தால் அமெரிக்கப் பையன்களுக்கு பேஸ்பாலில் இடமில்லாமல் போய்விடவில்லை.

விசாவைவிடக் கண்ணுக்குத் தெரியாத தடை வரி. 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஏ பிரிவு, இந்தியக் குடிமகன் அல்லாத, இங்கே வசிக்காத விளையாட்டு வீரரின் வருமானத்துக்கு 20 சதவீத வரி விதித்தது. செலவு எதையும் கழிக்க முடியாது. 2012-க்கு முன் இது 10 சதவீதமாக இருந்தது. புரோ கபடி ஏலத்தில் கடைசிப் பிரிவு வீரரின் அடிப்படை விலை 9 லட்சம். அந்த விலைக்கு வந்த கென்ய வீரர் கூடுதல் தீர்வையோடு சேர்த்து 1,87,200 ரூபாய் வரியாக விட்டுவிட்டுப் போக வேண்டும். அதே 9 லட்சத்துக்கு அவரோடு கைகோத்து ஆடும் நம் பையனுக்கு 2025-26 கணக்கின்படி வரியே இல்லை, ஏனெனில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கிறது. முன்னணி நட்சத்திரத்துக்கு 20 சதவீதம் வலிக்காது, அவருடைய நாட்டில் அதைவிட அதிகமாகவே இருக்கும். ஏழை நாட்டு இளைஞருக்கு வலிக்கும். வெளிநாட்டு வீரருக்கும் சாதாரண வரி அடுக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தால் அரசுக்கு இழப்பு சொற்பம்தான்.

இனி எதிர்வாதம். வெளியிலிருந்து ஆள் வந்தால் நம் பையன்களின் இடம் போகும் என்கிறார்கள். இந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு அணியில் களமிறங்குவது 7 பேர், அதில் ஒருவர் ஈரானியர் என்றால் ஒரு இடம் போனது போனதுதான். 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடித் தங்கம் ஒவ்வொரு முறையும் இந்தியாவுக்கே வந்தது. 1994 ஹிரோஷிமாவில் அந்தத் தங்கத்தை வென்ற அணியில் நம் பக்கத்து மணத்தி கணேசனும் இருந்தார். 2014-ல் லீக் தொடங்கியது, ஈரானியர்கள் வந்தார்கள், கற்றார்கள். 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் நம்மை 27-18 என்று வீழ்த்தியது. பெண்கள் இறுதிப் போட்டியிலும் ஈரானிடமே தோற்றோம். அந்த ஈரான் பெண்கள் அணியின் பயிற்சியாளர் நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின்.

இதை நட்டக் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. நான் எழுத மாட்டேன். ஒரே நாடு ஜெயிக்கிற ஆட்டத்தை உலகம் மதிக்காது, ஒலிம்பிக்கில் சேர்க்கவும் சேர்க்காது. ஈரான் எழுந்ததால்தான் கபடி சர்வதேச ஆட்டம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி நமக்கு வந்தது. 2023 ஹாங்சோவில் அதே ஈரானை இறுதிப் போட்டியில் வென்று தங்கத்தைத் திரும்ப வாங்கினோம். ஃபசல் அத்ராசலி, முகமதுரெசா ஷாத்லூயி போன்ற ஈரானியர்கள் பிடிக்கும் முறையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மறுநாள் பொட்டலில் அதே பிடியைப் பழகும் சிறுவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். தமிழ் தலைவாஸ் அணியில் தென்மாவட்டத்துப் பையன்கள் ஏன் இத்தனை குறைவு என்ற ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த இடங்களைப் பெரும்பாலும் நிரப்புவது ஹரியானா வீரர்கள். அவர்களுக்கு விசா தேவையில்லை.

உள்ளூர் ஆட்களைக் காக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு கருவி இருக்கிறது, நம் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் கிரிக்கெட் லீக்கான டி.என்.பி.எல். 2016-ல் தொடங்கியபோதே வெளிநாட்டு வீரர் யாருக்கும் இடமில்லை. திருநெல்வேலி சங்கர் நகர் மைதானம் வரை வந்து ஆடிய அந்த லீக்கிலிருந்துதான் நடராஜனும் வருண் சக்கரவர்த்தியும் சாய் சுதர்சனும் மேலே வந்தார்கள். அதே பையன்கள் பிறகு ஐ.பி.எல்.லில் உலகத்தின் சிறந்த வீரர்களோடு மோதித் தேறினார்கள். ஒரு தளத்தை நம்மவர்களுக்கென்று ஒதுக்குவதும், அதற்கு மேலுள்ள தளத்தைத் திறந்துவைத்து களத்தில் இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை வைப்பதும் விளையாட்டு அமைப்புகள் செய்ய வேண்டிய வேலை. ஐ.எஸ்.எல். கால்பந்து 6 வெளிநாட்டவரில் தொடங்கிப் படிப்படியாக 4 ஆகக் குறைத்தது. 2018 மார்ச் இறுதிப் போட்டியில் சென்னையின் எஃப்.சி.க்காக விழுந்த 3 கோல்களும் பிரேசில்காரர்கள் அடித்தவை. அதே ஆட்டத்தில் நடுக்களத்தில் நின்றவர் வியாசர்பாடி தன்பால் கணேஷ். தூதரகக் கவுன்டரில் விண்ணப்பத்தைத் தாமதப்படுத்துவதால் இந்தச் சமநிலை வராது.

நம் ஆட்களும் வெளியே போகிறார்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. டேபிள் டென்னிஸில் சரத் கமல் ஜெர்மனி பண்டஸ்லீகாவில் ஆடியவர். சத்தியன் ஜப்பானின் டி-லீக்கில் ஆடினார். ஆனந்த் பல ஆண்டுகள் பாடன்-பாடன் கிளப்பின் சதுரங்க வீரர். அஸ்வின் இங்கிலாந்துக் கவுன்டிகளுக்காகப் பந்து வீசினார். அங்கெல்லாம் இவர்கள்தான் வெளிநாட்டு வீரர்கள்.

இதுவரை சொன்னவை கணக்குப் போட்டு முடிவுக்கு வரக்கூடியவை. கடினமானது அரசியல் தடை. அதில் தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது.

2012 ஆகஸ்ட் கடைசியில் கொழும்பு ராயல் கல்லூரி மாணவர் கால்பந்து அணி சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. அனுமதி கொடுத்த அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்த மாணவர்களும், திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆட வந்திருந்த இலங்கை இரத்தினபுரி மாணவர்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2013 ஜூலையில் சென்னையில் நடக்க வேண்டிய ஆசியத் தடகளப் போட்டியில் இலங்கை பங்கேற்கக் கூடாது என்று மாநில அரசு பிப்ரவரியில் சொன்னது, போட்டியே புணேவுக்குப் போனது. மார்ச் 26 அன்று முதல்வர் ஜெயலலிதா பிரதமர் மன்மோகன் சிங்குக்குக் கடிதம் எழுதினார். அன்றே ஐ.பி.எல். நிர்வாகக் குழு, சென்னை ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் இறங்க மாட்டார்கள் என்று அறிவித்தது. அந்த சீசனைத் தொடங்கியபோது சங்கக்கார ஹைதராபாத்துக்கும், ஜெயவர்தன டெல்லிக்கும், மேத்யூஸ் புணேவுக்கும் கேப்டன்கள். சென்னையில் நடக்க வேண்டிய 2 பிளேஆஃப் ஆட்டங்களும் டெல்லிக்கு மாறின.

அந்த மார்ச் மாதத்தை நினைத்துப் பார்க்காமல் இதை எடைபோடுவது நேர்மையாகாது. பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. லயோலா கல்லூரியில் தொடங்கிய மாணவர் உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவியிருந்தது. ஜெனீவாவில் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து வெளியேறியது. முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்ட அந்தத் துயரம் உண்மையானது. இன்றைக்கும் அந்தக் கோரிக்கை தீரவில்லை.

ஆனால் தடை யார் மேல் விழுந்தது? முரளிதரன் அப்போது பெங்களூரு அணியில் இருந்தார். தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் வழியில் வந்தவர், 2008 முதல் 2010 வரை சென்னை அணிக்கே ஆடியவர், சென்னையில் பெண் எடுத்தவர். தமிழருக்காகப் போட்ட தடை ஒரு தமிழரைத் தமிழ்நாட்டு மைதானத்துக்கு வெளியே நிறுத்தியது. அவர் இலங்கை அரசுக்கு இசைவாகப் பேசினார் என்ற கோபம் பலருக்கு உண்டு, எனக்கும் அவர் பேச்சில் உடன்பாடில்லை. அவர் கருத்தை மறுத்துப் பேசலாம், எழுதலாம். அதற்காகத் தொழில் செய்யும் உரிமையைப் பறிக்கும் வழக்கத்தை நாம் ஏற்றுக்கொண்டால், நாளை வேறு ஊர்களில் நம் பிள்ளைகளிடம் அதே அளவுகோலை நீட்டுவார்கள். பள்ளிக்கூட மாணவர்களைத் திருப்பி அனுப்பியதற்கோ அன்றைய கோபத்தைக் காரணமாகச் சொல்லவே முடியாது.

தடையால் ராஜபக்சே அரசு எதையும் இழக்கவில்லை. ஒரு ஏக்கர் நிலம்கூட ராணுவத்திடமிருந்து விடுபடவில்லை. பிறகு ஆரவாரமில்லாமல் அது மறைந்தும் போனது. 2019 ஏப்ரலில் மும்பைக்காக மலிங்கா சேப்பாக்கத்தில் 4 விக்கெட் எடுத்தார். 2022 ஏலத்தில் சென்னை அணி தீக்சனவை வாங்கியபோது சமூக ஊடகங்களில் எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டு தீக்சனவும் பத்திரனவும் சேப்பாக்கத்தில் பந்து வீசியபோது அரங்கம் அவர்களுக்காக ஆர்ப்பரித்தது. 2024-ல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல்.லில் அறிமுகமானார். அந்த ஆண்டு ஹைதராபாத் இரண்டாம் தகுதி ஆட்டத்துக்கும் இறுதிப் போட்டிக்கும் சென்னைக்கு வந்தது. 2013 விதி உயிரோடு இருந்திருந்தால் ஆடும் பதினொருவர் பட்டியலில் அந்த ஈழத் தமிழ் இளைஞரின் பெயரை எழுதவே முடிந்திருக்காது. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போடுகிற தடைக்கு சிங்களவர், தமிழர் என்ற வேறுபாடு தெரியாது.

தென்னாப்பிரிக்கப் புறக்கணிப்பு பலித்ததே என்பார்கள். பலித்தது. 1974 டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவோடு ஆட இந்தியா மறுத்தது. கோப்பையை விட்டுக்கொடுத்த அந்த அணியில் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்தார்கள். ஒரு தேசிய அணி இன்னொரு தேசிய அணியோடு ஆட மறுத்த செயல் அது. அந்த அணிகளே நிறவெறிச் சட்டத்தின் கீழ் தேர்ந்தெடுக்கப்பட்டவை, குற்றம் களத்துக்குள்ளேயே இருந்தது. டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து தென்னாப்பிரிக்கா விலக்கப்பட்டிருந்த அதே காலத்தில் பேரி ரிச்சர்ட்ஸ் ஹாம்ப்ஷயருக்கும், மைக் புராக்டர் குளோஸ்டர்ஷயருக்கும், கிளைவ் ரைஸ் நாட்டிங்ஹாம்ஷயருக்கும் சம்பளம் வாங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். நாட்டின் கொடி தடுக்கப்பட்டது, தனி ஆளின் தொழில் தடுக்கப்படவில்லை. நான் பிடித்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்.

இதை வைத்துப் பார்த்தால், பாகிஸ்தானோடு இருதரப்புத் தொடர் வேண்டாம் என்று ஒரு அரசு முடிவெடுக்கலாம். எனக்கு அது பிடிக்காமல் போகலாம், ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. 1999 ஜனவரியில் 12 ரன்னில் இந்தியாவை வென்ற பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியது சேப்பாக்கம். 2023 ஆகஸ்டில் ஆசிய ஹாக்கிக்கு பாகிஸ்தான் சென்னை வந்து ஆடிவிட்டுப் போனது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தனி வீரர்கள் விஷயத்தில் அரசுக்கு இவ்வளவு தாராளம் கொடுக்க மாட்டேன். இங்கிலாந்தில் பிறந்த சோயிப் பஷீர், பெற்றோரின் பூர்வீகம் பாகிஸ்தான் என்பதால் விசா தாமதமாகி 2024 ஹைதராபாத் டெஸ்ட்டை இழந்தார். 2024-ல் சென்னை அணிக்காக 14 விக்கெட் எடுத்த முஸ்தாபிசுர் ரஹ்மானை 2025 டிசம்பரில் கொல்கத்தா 9.20 கோடிக்கு வாங்கியது. வங்கதேச நிலவரத்தைக் காரணமாக்கி அவரை விடுவிக்கும்படி இந்திய கிரிக்கெட் வாரியம் அடுத்த மாதமே சொன்னது. அங்கே நடந்த வன்முறைக்கும் இந்தப் பந்துவீச்சாளருக்கும் என்ன தொடர்பு என்று யாரும் காட்டவில்லை. பாதுகாப்புச் சோதனை வேண்டும், ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்துச் சந்தேகம் இருந்தால் மறுக்கலாம். பிறந்த நாட்டையும் அப்பனின் ஊரையும் வைத்து மொத்தமாக மறுப்பது சோதனை ஆகாது.

தளர்த்தச் சொல்கிற என் பக்கத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டினால், மலப்புறத்துச் செவன்ஸ் கால்பந்தில் நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் வீரர்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி ஆடுகிறார்கள். எந்த நாட்டுக்காரர் ஆனாலும் அங்கே 'சுடானி' என்றுதான் அழைப்பு. 2018-ல் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்று படமும் வந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வளையத்துக்கு வெளியே நடக்கிற ஆட்டம் இது. ஏஜெண்டை நம்பி வந்து, சொன்ன கிளப்பும் சம்பளமும் இல்லாமல், விசா முடியும் நாளை எண்ணிக்கொண்டு திக்கற்று நின்றவர்கள் உண்டு. காயம்பட்டால் பார்ப்பார் இல்லை. 2024 மார்ச்சில் அரீக்கோடு பக்கம் ஒரு ஐவரி கோஸ்ட் வீரரை ரசிகர்கள் துரத்தி அடித்த காட்சியை நாடே பார்த்தது. சம்பள வரம்பை எடுத்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் விட்டால் இதுதான் பெருகும்.

அதனால் என் தீர்ப்பு தளர்த்த வேண்டும் என்பதே, ஆனால் வீரர் தலையில் இருக்கும் சுமையை அழைத்து வருகிறவர் தலைக்கு மாற்றித் தளர்த்த வேண்டும். 16.25 லட்ச வரம்பிலிருந்து சமையல்காரரைப் போலவே விளையாட்டு வீரருக்கும் விலக்கு கொடுக்கலாம். சீசன் முழுவதற்கும் ஒரே விசா, நிர்வாகிக்குக் கொடுக்கிற அதே முன்னுரிமையோடு. அதற்கு ஈடாக, அழைக்கிற கிளப்போ கமிட்டியோ விண்ணப்பத்தின்போதே மூன்று மாதச் சம்பளத்தையும் திரும்பும் டிக்கெட் பணத்தையும் வங்கியில் கட்ட வேண்டும், காயத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை வீரருக்குப் புரிகிற மொழியில் அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். சம்பளம் நின்றால் கிளப்பின் அனுமதி இல்லாமலே வேறு கிளப்புக்கு மாறிக்கொள்ளும் உரிமை அந்த விசாவிலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் மற்றவை எல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும், ஏனெனில் செவன்ஸ் மைதானங்களில் மாட்டிக்கொண்டவர்களைக் கட்டிப்போட்டது வேறெங்கும் போக முடியாத நிலைதான்.

இப்படிச் செய்தால் சின்னக் கமிட்டிகளுக்குச் செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். ஒரு ஆளின் சம்பளத்துக்கும் கை கால் முறிவுக்கும் பொறுப்பேற்க முடியாதவர்கள் வெளிநாட்டிலிருந்து ஆள் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. சுரண்டையிலும் ஆலங்குளத்திலும் ஆடத் தெரிந்த பையன்கள் அழைப்புக்குக் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே இன்சூரன்ஸ் எடுக்கட்டும்.